வண்டிப் பட்டறை: நிறம் இருக்கட்டும், முதலில் தண்ணீர் எங்கே நுழைகிறது?

இந்த மாதம் வந்த கடிதங்களில் நான்கு ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. பழைய மோட்டார்ஹோமுக்கு (உள்ளே கட்டில், அடுப்போடு வீடு மாதிரி இருக்கிற வண்டி) வெளியே முழுவதும் பெயிண்ட் அடிக்க வேண்டும், என்ன செய்வது? கனடாவிலிருந்து வந்த முதல் கடிதம்தான் நீளமானது. அதற்கான பதிலில் மற்றவர்களுக்கும் பாதி பதில் கிடைத்துவிடும் என்பதால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (ஸ்காபரோ, கனடா): வணக்கம் அண்ணா. போன புரட்டாதியில் ஒரு பழைய மோட்டார்ஹோம் வாங்கினோம். 1996 மாடல், ஃபோர்டு ஈ-350 சேசிஸ், 28 அடி, டிரைவருக்கு மேலே கட்டில் உள்ள வகை. எஞ்சின் நல்லா ஓடுது. வெளியேதான் பார்க்கச் சகிக்கேல்லை. வெள்ளைப் பக்கங்கள் மஞ்சளாகி, கையால் தடவினால் மா மாதிரி ஒட்டுது. பழுப்பும் நீலமுமாக ஓடுற ஸ்டிக்கர் கோடுகள் வெடிச்சுப் போச்சு. ஒரு ஜன்னலுக்குக் கீழே மட்டும் பக்கச் சுவர் கொஞ்சம் உப்பி இருக்கு. மனைவி முழு வண்டியும் கடும் நீலம் வேணும் எண்டு நிக்கிறா. ஆடியில் தம்பியையும் சேர்த்துக்கொண்டு இரண்டு வார இறுதியில் வீட்டு வாசலிலேயே கழுவி, தேய்ச்சு, ஸ்ப்ரே பண்ணிவிடலாம் எண்டு திட்டம். வேற ஏதாவது பார்க்கவேணுமோ? சொல்லுங்கோ.

பதில்: தம்பி, கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் சொன்ன ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. ஜன்னலுக்குக் கீழே சுவர் உப்பியிருக்கிறது என்றீர்களே, அதுதான் உங்கள் முதல் வேலை. நிறம், ஸ்ப்ரே கன், கம்ப்ரஸர் எல்லாவற்றையும் ஒரு ஓரமாக வையுங்கள்.

அந்தக் காலத்து வண்டிகளின் பக்கச் சுவர் பெரும்பாலும் ஒரு சாண்ட்விச்தான். வெளியே மெல்லிய ஃபைபர் கிளாஸ் தோல், அதன் பின்னால் மெல்லிய பிளைவுட், நடுவில் ஃபோமும் சட்டங்களும். எல்லாம் பசை போட்டு அழுத்தி ஒட்டியது. ஜன்னல் ஓரத்திலோ மேலே உள்ள இணைப்பிலோ தண்ணீர் நுழைந்தால் பிளைவுட் ஊறி, பசை விட்டு, தோல் தனியாகக் கழன்று வெளியே உப்பும். அதன் மேல் எவ்வளவு விலையுயர்ந்த பெயிண்ட் அடித்தாலும் உப்பல் அப்படியே தெரியும். பளபளப்பு ஏற ஏற இன்னும் நன்றாகத் தெரியும். ஒரு நாள் நல்ல வெயிலில் அது பெரிதாகவும் ஆகும்.

அதனால் விரல் கணுவால் சுவர் முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். ஒட்டியிருக்கிற இடம் கெட்டியாகச் சத்தம் கொடுக்கும், கழன்ற இடம் பொக்கென்று கேட்கும். கழன்ற எல்லையைப் பென்சிலால் வளைத்து வையுங்கள். பிறகு உள்ளே போய் அதே இடத்தில் வால்பேப்பர் கறுத்திருக்கிறதா, அமுக்கினால் மெத்தென்று போகிறதா, புழுங்கல் வாடை அடிக்கிறதா என்று பாருங்கள். ஈரம் காட்டும் சின்னக் கருவி ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது வீண் போகாது. உங்கள் மாதிரி வண்டிகளில் டிரைவருக்கு மேலே இருக்கிற கட்டிலின் முன்பக்கம்தான் ஒழுகலுக்குப் பேர் போன இடம். முன்னால் ஒரு ஜன்னல் வேறு இருந்தால் கேட்கவே வேண்டாம். மெத்தையைத் தூக்கிப் பார்த்தீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள்.

ஒழுகலைக் கண்டுபிடிக்க ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்கார, இன்னொருவர் வெளியே ஹோஸ் பைப்பால் கீழிருந்து மேலாக மெதுவாக நனைத்துக்கொண்டு வரவேண்டும். மேலிருந்து ஆரம்பித்தால் தண்ணீர் எல்லா இடுக்கு வழியாகவும் இறங்கி, எது குற்றவாளி என்றே தெரியாது. இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. கூரை வென்ட் ஒன்றில் ஊதுவிசிறியைப் பொருத்தி, மற்ற ஜன்னல் கதவுகளை மூடி, வண்டிக்குள் லேசான காற்றழுத்தம் ஏற்றிவிட்டு, வெளியே இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவுவது. ஓட்டை இருக்கிற இடத்தில் குமிழி வரும். சைக்கிள் டியூப் பஞ்சர் பார்க்கிற அதே கதைதான்.

உப்பல் இரண்டு உள்ளங்கை அளவுக்குள் இருந்து, உள்ளே பிளைவுட் மட்கவில்லை என்றால், ஒழுகலை அடைத்து, சில வாரம் நன்றாக உலரவிட்டு, சின்னத் துளைகள் போட்டு எபாக்ஸி (இரண்டு பாகமாகக் கலக்குகிற கெட்டிப் பசை) செலுத்தி, பலகை வைத்து முட்டுக்கொடுத்து அழுத்தி ஒட்டிவிடலாம். அதைவிடப் பெரிது என்றால் தோலையே கழற்றி உள்ளே மாற்ற வேண்டும். அப்படி ஆகிவிட்டால் பெயிண்ட் திட்டத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளுங்கள். மனம் ஒப்பாதுதான், ஆனாலும் தள்ளுங்கள்.

சரி, தண்ணீர் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து உப்புத்தாளை எடுக்கத் தோன்றும். எடுக்காதீர்கள். நான் கரூரில் பஸ் பாடி கட்டுகிற பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஃபைபர் முகப்பு ஒன்றை நேராகத் தேய்க்க ஆரம்பித்து மேஸ்திரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அச்சிலிருந்து வந்த மெழுகு அதன் மேல் இருக்கும். தேய்த்தால் மெழுகு போகாது, கீறலுக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். உங்கள் வண்டியில் அச்சு மெழுகு இருக்காது. ஆனால் கிட்டத்தட்ட 30 வருடமாக முந்தைய சொந்தக்காரர்கள் பூசிய வாக்ஸ், பாலிஷ், கூரையிலிருந்து வடிந்த கறுப்புக் கோடுகள், டீசல் புகை எல்லாம் இருக்கிறது. முதலில் பாத்திரம் கழுவுகிற சோப்புத் தண்ணீரால் மேலிருந்து கீழாக நன்றாகக் கழுவி அலசுங்கள். காய்ந்ததும் வாக்ஸ்-கிரீஸ் ரிமூவரை ஒரு துணியில் நனைத்துத் துடைத்து, அது காய்வதற்குள் இன்னொரு உலர்ந்த துணியால் எடுத்துவிடுங்கள். தானாகக் காயவிட்டால் அழுக்கு இடம் மாறுமே தவிர வண்டியை விட்டுப் போகாது. துணியை அடிக்கடி மாற்றுங்கள். கஞ்சத்தனம் பார்க்கிற இடம் இது இல்லை.

கூரையை முதலில் கழுவ மறக்க வேண்டாம். 1996 வண்டி என்றால் கூரை ரப்பராக இருக்க வாய்ப்பு அதிகம். ஈ.பி.டி.எம். என்ற அந்த ரப்பர் வயதானால் மாவு மாவாக உதிர்ந்து மழையில் பக்கங்களில் வழியும். அதன் மேல் தின்னரோ பெட்ரோலோ பட்டால் ரப்பர் ஊதிப்போகும். ஆகவே பக்கங்களில் ரிமூவர் போடுகிறபோது கூரை ஓரத்தைப் பிளாஸ்டிக் தாளால் மூடிவிடுங்கள். கார் பெயிண்டைக் கூரைக்குப் போடுகிற யோசனையே வேண்டாம், ரப்பர் கூரைக்கென்று தனிப் பூச்சு இருக்கிறது.

அப்புறம் சிலிக்கோன். இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறிவிடும். ஒழுகுகிற இடத்திலெல்லாம் யாரோ ஒருவர் குளியலறை சிலிக்கோனைப் பிதுக்கி விரலால் இழுத்து வைத்திருப்பார். சிலிக்கோன் மேல் பெயிண்ட் ஒட்டாது. பக்கத்தில் ஒரு துளி மிச்சம் இருந்தாலும் பெயிண்ட் அந்த இடத்தைவிட்டு விலகி வட்டமாகச் சின்னப் பள்ளம் விழும். பட்டறையில் இதை ஃபிஷ் ஐ என்போம். ஒருமுறை ஒரு பெரிய வண்டியின் முன்முகப்பை அடித்து முடித்துத் திரும்பிப் பார்க்கிறேன், அம்மை போட்ட மாதிரி முகம் முழுக்கப் பள்ளம். பட்டறையின் மறுகோடியில் ஒருவர் காரின் டேஷ்போர்டுக்குச் சிலிக்கோன் கலந்த பாலிஷ் ஸ்ப்ரே அடித்துக்கொண்டிருந்திருக்கிறார், காற்றில் வந்தது போதுமாக இருந்திருக்கிறது. முழுவதும் காயவிட்டுத் தேய்த்து மறுபடி அடித்தேன், மூன்று நாள் போனது. அதனால் பழைய சிலிக்கோனைப் பிளாஸ்டிக் கத்தியால் சுரண்டி எடுத்து, மிச்சத்தைத் தேய்த்தே எடுங்கள். வெறும் தின்னரால் துடைத்தால் சிலிக்கோன் அகலமாகப் பரவும், அவ்வளவுதான். திரும்ப அடைக்கும்போது பாலியூரிதேன் சீலன்ட் போடுங்கள், அதன் மேல் பெயிண்ட் நிற்கும்.

இப்போது கழற்றுகிற படலம். எல்லாவற்றையும் டேப் ஒட்டி மறைத்து அடித்துவிடலாம் என்று நினைத்திருப்பீர்கள். முடிந்ததைக் கழற்றுங்கள், முடியாததுக்கு மட்டும் டேப். ஜன்னல்கள் பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் இந்த வண்டிகளில் பெரும்பாலும் உள்பக்கம் ஒரு வளையச் சட்டத்தைச் சுற்றி ஸ்க்ரூ இருக்கும். அதைக் கழற்றினால் ஜன்னல் முழுசாக வெளிப்பக்கம் வந்துவிடும். ஒருவர் வெளியே பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். திரும்பப் பொருத்தும்போது புதிய பியூட்டைல் டேப் (ஒட்டிக்கொள்கிற மெத்தென்ற ரப்பர் நாடா) வைத்துப் பொருத்தினால் ஒழுகலும் நின்றுவிடும், பெயிண்டும் சட்டத்துக்கு அடியில் போய் முடிந்திருக்கும். டேப் ஒட்டி அடித்த ஜன்னலில் பெயிண்ட் ஓரம் ரப்பருக்கும் சுவருக்கும் நடுவில் நிற்கும். சில வருடத்தில் உரியத் தொடங்குவது அங்கேதான்.

மூலைகளில் மேலிருந்து கீழாக ஓடுகிற அலுமினியப் பட்டையின் நடுவே ஒரு வினைல் நாடா சொருகியிருக்கும். அதை இழுத்தால் உள்ளே வரிசையாகத் துருப்பிடித்த ஸ்க்ரூக்கள். பட்டையைக் கழற்றி, பழைய சாந்தைச் சுரண்டி, பெயிண்ட் முடிந்த பிறகு புதிய பியூட்டைலும் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவும் போட்டு ஏற்றுங்கள். வினைல் நாடா புதிதாக வாங்குங்கள், அதன் மேல் பெயிண்ட் அடித்தால் ஒட்டி நிற்காது. முன்னால் 5 மஞ்சள் விளக்கு, பின்னால் 5 சிவப்பு விளக்கு இருக்கும். 80 அங்குலத்துக்கு மேல் அகலமான வண்டிக்கு அது சட்டம். அவற்றையும் கழற்றி, வயரில் எண் எழுதி ஒட்டிவையுங்கள். பிரதிபலிப்பான்கள் மேலும், எடை எழுதிய தகட்டின் மேலும், கேஸ் எச்சரிக்கை ஸ்டிக்கர் மேலும் பெயிண்ட் படக்கூடாது.

கேஸ் என்றதும் ஒன்று. ஃப்ரிட்ஜும் வாட்டர் ஹீட்டரும் புரொபேனில் ஓடுகிறவை, பல வண்டிகளில் உள்ளே ஒரு சின்னத் தீச்சுடர் எந்நேரமும் எரிந்துகொண்டிருக்கும். தின்னர், ரிமூவர், பெயிண்ட் எதை வண்டியருகே திறப்பதற்கு முன்னும் சிலிண்டரை மூடி, சுடர் அணைந்ததா என்று கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். வென்ட்களைப் பிளாஸ்டிக்கால் மூடியபடி எதையும் பற்றவைக்கக் கூடாது. கேஸ் ரெகுலேட்டரில் ஒரு சின்ன மூச்சுத்துளை இருக்கும், அது பெயிண்டால் அடைந்தால் அழுத்தம் தாறுமாறாகிவிடும். முதலில் அதை மூடி, வேலை முடிந்ததும் மூடியை எடுத்துவிட்டோமா என்று இரண்டு பேரும் தனித்தனியாகப் பாருங்கள்.

ஸ்டிக்கர் கோடுகள்தான் உங்களுக்கு அதிக நாள் பிடிக்கும். இளசான ஸ்டிக்கர் என்றால் ஹேர் டிரையர் சூட்டிலேயே பட்டையாக உரிந்து வரும். உங்களுடையது வெடித்துவிட்டது, நகக்கண் அளவில்தான் வரும். ட்ரில்லில் மாட்டுகிற ரப்பர் சக்கரம் ஒன்று இருக்கிறது, பென்சில் ரப்பர் மாதிரியே தேய்த்து எடுக்கும். ஒரே இடத்தில் அழுத்தி நிறுத்தினால் சூடாகிக் கீழே இருப்பதையும் பதம் பார்த்துவிடும், ஓட்டிக்கொண்டே இருங்கள். பிறகு பசையை ரிமூவரால் எடுக்க வேண்டும். எடுத்த பிறகும் கோடு இருந்த இடம் நிழல் மாதிரி தெரியும். அது வெறும் நிற வித்தியாசம் இல்லை. ஸ்டிக்கருக்கு அடியில் இருந்த ஜெல்கோட் (ஃபைபர் தோலின் மேற்பூச்சு) புதிதாகவே இருக்கிறது, சுற்றிலும் வெயிலில் தேய்ந்து இறங்கிவிட்டது, ஆகவே நடுவில் ஒரு மெல்லிய படி. விரலுக்குத் தெரிகிற படி பெயிண்டுக்குப் பிறகு கண்ணுக்கும் தெரியும். நீளமான கட்டையில் உப்புத்தாளைச் சுற்றி அந்தப் படி மறைகிறவரை இழைத்து இறக்குங்கள்.

கையில் ஒட்டுகிற மாவு, வெயிலில் செத்துப்போன ஜெல்கோட். 220 எண் உப்புத்தாளில் (எண் கூடக் கூடத் தாள் நைசாகும்) தேய்த்து அந்த மாவு முழுவதையும் எடுத்து, அடியில் கெட்டியான பகுதி வந்ததும் 320 போடுங்கள். பக்கச் சுவர்களில் ஜெல்கோட் மெல்லிசுதான், விளிம்புகளில் அழுத்தினால் நார் வெளியே வந்துவிடும். நட்சத்திரம் மாதிரி விரிசல்கள் இருந்தால் மேலே பட்டி தடவி மூடாதீர்கள், அதே விரிசல் அடுத்த பனிக்காலத்தில் பட்டியையும் கிழித்துக்கொண்டு வரும். விரிசலை வி வடிவத்தில் அடிவரை திறந்து, எபாக்ஸியால் நிரப்பிச் சமப்படுத்துங்கள். தூசியில் கண்ணாடி நார் இருக்கிறது, நல்ல முகமூடியும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் இறங்கினால் இரவெல்லாம் சொறிந்துகொண்டு கிடப்பீர்கள்.

கேபின் மட்டும் இரும்பு, அதை மறந்துவிடாதீர்கள். ஒன்டாரியோவில் பனிக்குப் போடுகிற உப்பு கதவுக்கு அடியிலும் மழைநீர்க் கால்வாயிலும் என்ன செய்திருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. துருவை வெள்ளை இரும்பு தெரிகிறவரை எடுத்து எபாக்ஸி பிரைமர் போட்ட பிறகுதான் பட்டி. ஒரு கோட் எபாக்ஸி பிரைமர் ஃபைபருக்கும் இரும்புக்கும் பொதுவாக நிற்கும், அதனால் எனக்கு அதுதான் பிடித்தது. பிரைமர் காய்ந்தபின் மேலே லேசாகக் கறுப்புப் பொடி தூவிக் கட்டையால் இழைத்தால் பள்ளமெல்லாம் கறுப்பாகத் தங்கிக் காட்டிக்கொடுக்கும். சாதாரண நிறத்துக்குக் கடைசியாக 400, மெட்டாலிக் என்றால் 600.

நீலத்துக்கு வருவோம். அடர்நிறம் வெயிலை உறிஞ்சும், சுவர் சூடாகும். ஏற்கெனவே ஓரிடத்தில் பசை விட்ட சுவரை மேலும் சூடாக்குவது நல்லதில்லை. ஃபைபர் நாரின் பின்னல்கூடச் சில சமயம் மேலே அச்சாகத் தெரிய ஆரம்பிக்கும். எல்லாவற்றையும்விட, அடர்நிறத்தின் பளபளப்பில் ஒவ்வொரு மேடுபள்ளமும் தெரியும். மேலே வெள்ளை அல்லது கிரீம், கீழே பெட்டிக் கதவுகள் வரிசையில் மட்டும் கடும்நீலம் என்று தங்கச்சியிடம் பேசிப்பாருங்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

இரண்டு வார இறுதி என்பது கழுவவும் கழற்றவுமே சரியாக இருக்கும். மாலையும் வார இறுதியுமாக வேலை செய்தால் ஐந்தாறு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். அதில் பெயிண்ட் அடிக்கிற நேரம் இரண்டு நாள்கூட இருக்காது. அந்த இரண்டு நாளைத்தான் நீங்கள் உங்கள் வாசலில் செய்யக்கூடாது என்பேன். ஹார்டனர் (இறுகவைக்கிற திரவம்) கலக்கிற டூ-கே பெயிண்டில் ஐசோசயனேட் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமை பிடித்துவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலும் ஆஸ்துமா மாதிரி இழுக்கும். வாசனையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, சாதாரண முகமூடியில் மாட்டுகிற வடிகட்டி தீர்ந்துவிட்டதா என்பதும் தெரியாது. வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாயில் தருகிற முகமூடி வேண்டும். பக்கத்து வீட்டுக் கார் மேல் படிகிற நீலப் புள்ளிகள் வேறு ஒரு வழக்கு.

எனவே பிரைமருக்கு முந்தைய வேலை எல்லாவற்றையும் நீங்களே முடித்து, அடிப்பதற்கு மட்டும் லாரி, பள்ளிப் பேருந்து அடிக்கிற பட்டறைக்குக் கொண்டுபோங்கள். உங்கள் வண்டி 10 அடிக்கு மேல் உயரம், காருக்குப் பெயிண்ட் அடிக்கிற அறைக்குள் நுழையாது. வேலையைத் தொடங்குவதற்கு முன்பே அவர்களிடம் போய், எந்தத் தாளில் தேய்த்துக் கொண்டுவர வேண்டும், எந்த எபாக்ஸி போடுவார்கள் என்று கேட்டுவிடுங்கள். பாதித் தயாரிப்போடு வருகிற வண்டியைச் சிலர் தொடவே மாட்டார்கள், அது முன்கூட்டியே தெரிய வேண்டும்.

கேள்வி (மெல்பர்ன்): எங்களிடம் 1982 மாடல் மோட்டார்ஹோம் இருக்கிறது. பக்கங்கள் வரிவரியான அலுமினியத் தகடு. பழைய பெயிண்ட் மங்கியிருக்கிறது, சில ஸ்க்ரூக்களைச் சுற்றி வெள்ளைப் பொடி. பெயிண்ட் ரிமூவர் போட்டு முழுவதையும் உரித்துவிட்டு ஆரம்பிக்கவா, அங்கிள்?

பதில்: உரிக்காதீர்கள். தொழிற்சாலையில் சூடேற்றிப் பிடிக்கவைத்த அந்தப் பெயிண்ட் 40 வருடம் தாண்டியும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றால், அதைவிட நல்ல அடித்தளத்தை உங்களால் வீட்டில் போட முடியாது. ரிமூவர் தகடுகளின் மடிப்புக்குள் புகுந்துகொண்டால் முழுதாகக் கழுவி எடுக்கவும் முடியாது, புதிய பெயிண்டை உள்ளிருந்து தூக்கும். உறுதியாக இருக்கிறதா என்று பார்க்க, மறைவான இடத்தில் பிளேடால் சின்னச் சதுரங்களாகக் கீறி, நல்ல டேப் ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். டேப்போடு பெயிண்ட் வராவிட்டால் சரி. இடையில் யாராவது ஒருவர் வீட்டில் அடித்த கோட் மேலே இருக்கலாம். துணியில் லாக்கர் தின்னர் நனைத்துத் தேய்த்தால் நிறம் துணியில் இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் அந்தக் கோட் மட்டும் போக வேண்டும், இல்லாவிட்டால் புதிய பெயிண்டின் தின்னர் பட்டதும் சுருங்கிக்கொள்ளும்.

வெள்ளைப் பொடி அலுமினியத்தின் அரிப்பு. இரும்பு ஸ்க்ரூவும் அலுமினியமும் ஈரத்தில் ஒட்டியிருந்தால், அதிலும் கடற்கரைப் பக்கம், இது வந்தே தீரும். ஸ்க்ரூவைக் கழற்றி, பொடியை 180 தாளால் தேய்த்துப் பளபளவென்று ஆக்குங்கள். இரும்புக் கம்பி பிரஷும் ஸ்டீல் வுல்லும் கூடாது, இரும்புத் துகள் அலுமினியத்தில் பதிந்து பிறகு அதுவே துருப்பிடிக்கும். தேய்த்த அன்றைக்கே பிரைமர் போடுங்கள். அலுமினியம் காற்று பட்டதுமே மேலே ஆக்சைடு தோல் போட ஆரம்பித்துவிடும், நாளைக்குப் பார்க்கலாம் என்றால் நாளைக்கு இன்னொரு தடவை தேய்க்க வேண்டியதுதான். வரிகளுக்கு மெஷின் ஒத்துவராது, மெரூன் ஸ்காட்ச்-பிரைட்டால் (தேய்க்கிற நார்ப் பட்டை) கையாலேயே வரி வரியாகப் போக வேண்டும், அலுப்பான வேலை. பாட்டு போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், அந்தக் கால வண்டிப் பெயிண்டில் ஈயம் இருந்திருக்கலாம். உலர்வாகத் தேய்க்காமல் வாட்டர் பேப்பர் போட்டு நனைத்தே தேய்த்து, வழிகிற சேற்றைத் தார்ப்பாயில் பிடித்து எடுங்கள், பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள்.

கேள்வி (லண்டன்): சார், 1988 டால்பட் எக்ஸ்பிரஸ் மோட்டார்ஹோம், 18 அடி. ஸ்ப்ரே செய்ய இடமும் இல்லை, பட்டறைக்குக் கொடுக்கப் பணமும் இல்லை. ரோலரால் உருட்டி அடித்தால் கேவலமாக இருக்குமா?

பதில்: சுவருக்கு அடிக்கிற மாதிரி அடித்தால் கேவலமாகத்தான் இருக்கும். படகுக்காரர்கள் அடிக்கிற மாதிரி அடித்தால் பத்தடி தள்ளி நிற்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. படகுகளுக்கு விற்கிற ஹார்டனர் இல்லாத ஒற்றை டப்பா பாலியூரிதேன் பெயிண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மெல்லிய ஃபோம் ரோலரால் இரண்டடி அகலத்துக்கு மேலிருந்து கீழே உருட்டிக்கொண்டு போக, இன்னொருவர் உடனே பின்னாலேயே நல்ல பிரஷின் நுனியால், அழுத்தமே இல்லாமல் ஒரு தடவை தடவி, குமிழிகளை உடைத்துவிட்டுப் போக வேண்டும். திரும்பப் போய்த் தொடக்கூடாது. தொட்டால் அந்த இடம் தனியாகத் தெரியும். டப்பாவில் சொன்ன அளவு தின்னர் கலந்து மெல்லிசாக மூன்று கோட், ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவே இரவு முழுக்கக் காயவிட்டு 320 அல்லது 400 தாளால் லேசாகத் தேய்ப்பு. ஒரு லிட்டர் சுமார் 110 சதுர அடிக்கு வரும். உங்கள் வண்டிக்கு ஒரு கோட்டுக்கு மூன்றரை லிட்டர் போல வைத்துக்கொள்ளலாம். ஸ்காபரோ தம்பிக்குச் சொன்ன தயாரிப்பில் எதையும் குறைக்க முடியாது. உங்கள் வண்டியில் முன்னால் இரும்பு, பக்கத்தில் அலுமினியம், மேலே ஃபைபர், பம்பர் பிளாஸ்டிக் என்று நான்கு ஜாதியும் இருக்கும், பிரைமர் வாங்கும்போது நான்கின் பெயரையும் சொல்லி வாங்குங்கள்.

லண்டனில் பெரிய எதிரி பனியும் ஈரமும். வண்டியின் தோல், பனித்துளி படிகிற வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் சூடாக இருக்க வேண்டும். காலையில் தகட்டைத் தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும், பத்து மணிக்கு மேல் ஆரம்பித்து மாலை நான்குக்குள் நிறுத்திவிடுங்கள். நிழலில் அடியுங்கள், நேர் வெயிலில் பிரஷ் வருவதற்குள் பெயிண்ட் இறுகிவிடும். நிறம் மாறினால் வாகனப் பதிவு அலுவலகமான டி.வி.எல்.ஏ.வுக்கு எழுதி வி5சி பதிவுச் சான்றில் மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி (கோயம்புத்தூர்): அண்ணே, பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி உள்ளே கட்டில், அடுப்பெல்லாம் வைத்து மோட்டார்ஹோம் ஆக்கியிருக்கிறேன். டிங்கரிங் முடித்து முழுக்கப் பட்டி பார்த்து அடித்தால் புதுசு மாதிரி ஆகிவிடும் என்கிறார் பெயிண்டர். சரிதானா?

பதில்: புதுசு மாதிரி ஆகும், ஒரு மழைக்காலத்துக்கு. வேலை தொடங்குமுன் ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி வண்டி முழுக்க ஓட்டிப்பாருங்கள். ஒட்டாத இடமெல்லாம் ஏற்கெனவே யாரோ பட்டி அப்பியது. அதைத் திறந்து அடியில் துரு இருந்தால் தகட்டை வெட்டி வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள், பட்டி இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று முதலிலேயே பேசிவிடுங்கள். பட்டி தண்ணீரை உறிஞ்சும், அதைப் பிரைமர் இல்லாமல் இரவு வெளியே நிறுத்திவைத்தால் அடியில் அன்றைக்கே துரு ஆரம்பம். நிறத்தை மாற்றுவதாக இருந்தால் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள நிறமும் மாற வேண்டும், வண்டியைப் பட்டறையில் விடுவதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். கட்டிலும் அடுப்பும் வைத்ததைப் புத்தகத்தில் ஏற்றினீர்களா என்பதையும் அப்போதே அவர்கள் கேட்பார்கள், பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு போங்கள்.